ஆயிரத்து நூறு அடி எர்த்து

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. அஃப்தாபுடையது.

சேலத்தில் ஒவ்வொரு பாகமாக வாங்கிக் கம்ப்யூட்டர் கோத்துக் கொடுப்பவர் அவர். போன மாதம் அயோத்தியாப்பட்டணத்தில் என் வீட்டுக்கு வந்தார். என் கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளே இருந்த பல்லி முட்டைகளை எடுத்து பிஸ்கட் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னார்: "இதெல்லாம் ஒண்ணுமே இல்லக்கா. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு மிஷின் போட்டுக் கொடுத்தேன். அதுல அத்தனை பார்ட்ஸும் மாத்திட்டேன். அப்பவும் ஹேங் ஆச்சு."

நான் நோட்டை எடுத்தேன். அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பாதி சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மீதிப் பாதிக்காகத்தான் ஆள்களின் பெயரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன்.

2.

தொடக்கங்கள். மூன்று எழுதினேன்.

அ) "கம்ப்யூட்டர் இரண்டாம் முறை உறைந்தபோது தனப்பிரியா அழவில்லை." (பொய். அழுதாள். கீபோர்டில் சொட்டியது என்று அஃப்தாப் சொல்கிறார். அதையும் மாற்றினாராம்.)

ஆ) "பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை மனிதன் என்றைக்கு..." (இந்த வாக்கியத்தை முடிக்க உட்கார்ந்தேன். கொட்டாவி வந்தது. எழுதியவளுக்கே வந்தால் உங்களுக்கு வராதா?)

இ) "சின்னுசாமியின் தேங்காய் பொய் சொன்னதே இல்லை."

இது சரி. ஆனால் சின்னுசாமி யார், தேங்காய் எதற்கு என்று உடனே நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள்.

3.

சின்னுசாமிக்கு இரண்டு ரிக் வண்டிகள் உண்டு. சத்தீஸ்கர் வரை போய் ஆழ்துளைக் கிணறு, எங்கள் பேச்சில் போர், போட்டுவிட்டு வரும் வண்டிகள். அதைவிடப் பெரிய பெயர் அவருடைய உள்ளங்கைக்கு. குடுமித் தேங்காயைக் கையில் படுக்கவைத்துக்கொண்டு காட்டில், அதாவது விவசாய நிலத்தில், நடப்பார். தண்ணீர் ஓடுகிற இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். அங்கே போர் போட்டால் தண்ணீர். சுற்றுவட்டாரத்தில் அவர் வந்து நடக்காமல் யாரும் ரிக்கைக் கூப்பிடுவதில்லை.*

*எழுமா, எழாதா என்று என்னிடம் கேட்காதீர்கள். என் மாமனார் கையில் எழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த போரில் தண்ணீர் வந்ததா என்று மட்டும் எங்கள் வீட்டில் பேசுவதில்லை.

அவருடைய மகள் தனப்பிரியா. கட்டடங்களுக்கு முப்பரிமாணப் படம் வரைகிற வேலை, கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு. அங்கே போய் விடுதியில் தங்க அப்பா விடவில்லை, வீட்டிலிருந்தே என்றால் சரி என்றார். அதற்குத்தான் அஃப்தாப் கம்ப்யூட்டர் கோத்துக் கொடுத்தார். லேப்டாப் எல்லாம் தாங்காத வேலை. மூன்று மாதம் பழகுநராகப் பார்ப்பார்கள். பாதி வேலையில் மிஷின் இரண்டு முறை நின்றுவிட்டது. மிஷினைச் சரிசெய்துகொண்டு வந்து உட்காருங்கள், மூன்றாம் முறை நின்றால் நீங்கள் வேண்டாம் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தாயிற்று.

வேலை போனால் அடுத்தது ஜாதகம். தரகர் ஏற்கெனவே இரண்டு தரம் வந்து காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார். இரண்டாம் தரம் பலகாரமும் சாப்பிட்டார். அது ஆபத்தான அறிகுறி.

4.

மிஷின் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. சில நாள் பத்து நிமிடத்தில். சில நாள் சாயங்காலம் வரை ஓடும். படம் அப்படியே உறையும், அம்பு நகராது, மின்விசிறி மட்டும் ஒன்றும் நடக்காததுபோலச் சுற்றும்.

அஃப்தாப் சேலத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். கடையில் மூன்று நாள் இராப்பகலாகத் தங்கமான பிள்ளைபோல ஓடியது. திருப்பிக் கொண்டுவந்து தனப்பிரியா வீட்டு மாடியில் வைத்தார். நாற்பதாம் நிமிடம் நின்றது. மறுபடி கடை. மறுபடி தங்கமான பிள்ளை. மறுபடி மாடி.

(இந்த இடத்தில் கம்ப்யூட்டர் தனப்பிரியாவிடம் ஏதாவது பேசுவதாக எழுதலாமா என்று யோசித்தேன். இரண்டு பக்கம் எழுதவும் செய்தேன். அது சௌந்திரம் மாதிரியே பேசியது. சௌந்திரம் என்பவர் தனப்பிரியாவின் அம்மா. கதையில் ஏற்கெனவே ஒரு சௌந்திரம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? கிழித்துவிட்டேன்.)

அஃப்தாப் ராம் எனும் மெமரியை மாற்றினார். பவர் சப்ளை மாற்றினார். பிராசசருக்குப் புதுப் பசை தடவினார். ஒரு சனிக்கிழமை, மொத்தத்தையும் பிரித்துக் கூடத்தில் ஒரு வெள்ளை வேட்டியின்மேல் பரப்பி வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் சின்னுசாமி உள்ளே வந்தார். கையில் தேங்காய்.

"பாய், கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க."

"ஐயா, இதுல தண்ணி இல்லீங்களே?"

"தண்ணியப் பாக்கலீங்க. கோளாறப் பாக்கறேன். அடியில மறைஞ்சு கெடக்கறத எல்லாம் இது காட்டும்."

வேட்டியைச் சுற்றி மெதுவாக நடந்தார். ஹார்ட் டிஸ்க், ஒன்றும் இல்லை. மதர்போர்டு, தேங்காய் லேசாக அசைந்தது. ராம் பக்கம் வந்ததும் விறைப்பாக எழுந்து நின்றது.

"அதைப் போன வாரந்தானுங்க மாத்துனேன்," என்றார் அஃப்தாப்.

"மாத்துனது செரியில்லீங்க."

அஃப்தாப் மறுபடி ராம் மாற்றினார். கேட்கும்போது எனக்குக் கோபமே வந்தது. இவ்வளவு படித்த மனிதர் ஒரு தேங்காய் சொன்னதற்காகவா மாற்றுவது? அவர் சிரிக்காமல் சொன்னார்: "என் முறையும் அதேதாங்க்கா. எது கெட்டுப்போச்சுன்னு தெரியாது. ஒண்ண மாத்துவேன், நிக்குதான்னு பாப்பேன். இல்லன்னா அடுத்தது. என்கிட்ட தேங்காய் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்."

நானும் வாக்கியங்களை அப்படித்தான் மாற்றுகிறேன்.

அடுத்தடுத்து தேங்காய் பவர் சப்ளைக்கு எழுந்தது, மதர்போர்டுக்கு எழுந்தது, கடைசியில் வெறும் தகரக் கூட்டுக்கும் எழுந்தது. எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. பழைய கம்ப்யூட்டரில் ஒரு திருகாணிகூட மிச்சம் இல்லை. புத்தம் புது மிஷின் அடுத்த சனிக்கிழமை மத்தியானம் மூன்று பத்துக்கு உறைந்து நின்றது.

5.

இங்கே ஒரு சந்தேகம். சின்னுசாமியை நீங்கள் நம்புவீர்களா?

என் பத்திரிகை நண்பர் அன்பழகன் படித்துவிட்டு, "தேங்காய் சீன் தூக்கிடுங்க, மனுஷன் கோமாளி ஆயிடறார்," என்றார். நான் தூக்கிப் பார்த்தேன். தேங்காய் இல்லாத சின்னுசாமி யார் வேண்டுமானாலும் ஆகிவிடுகிறார். மகள் வேலைக்காக ஒருவர் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கொண்டுவந்து தரையில் வைக்கிறார். அதில் சிரிக்க இருக்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஆள் கோமாளி இல்லை. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. இதைக் கதைக்குள் சொல்லக் கூடாது என்பார்கள். சொல்லிவிட்டேன்.

6.

கோளாறைக் கண்டுபிடித்தது அஃப்தாபும் இல்லை, தேங்காயும் இல்லை. சௌந்திரம்.

காபி கொண்டுவந்தவர் கம்ப்யூட்டரைத் தொடாமல் சுற்றிப் போனார். "அந்தப் பொட்டியத் தொட்டா கட்டெறும்பு கடிக்கற மாதிரி இருக்குதுங்க பாய். அதுனாலதான் நான் தொடைக்கறதே இல்ல. பாப்பாவையும் செருப்புப் போட்டுட்டு உக்காரச் சொல்லியிருக்கறேன்."

"எப்ப இருந்துங்க?"

"மொத நாள்ல இருந்துதான். புது மிஷின்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சோம்."

அஃப்தாப் காபியைக் கீழே வைத்தார். பையிலிருந்து ஒரு நூறு வாட் பல்பை எடுத்தார். அதன் இரண்டு வயரைச் சுவர்ப் பிளக் பாயிண்டின் துளைகளில் செருகினார். முதல் இரண்டு துளையில் பல்பு பளிச்சென்று எரிந்தது. ஒரு வயரை எடுத்து எர்த்துத் துளையில் செருகினார். பல்பு செத்துப்போகிற பீடிபோல மங்கிச் சிவந்தது.

கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லை. எர்த்து இல்லை. கசிகிற மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லாமல் பெட்டியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதுதான் நினைத்தபோதெல்லாம் மிஷினை நிறுத்தியது. கடையில் எர்த்து நன்றாக இருக்கிறது, அங்கே அது தங்கமான பிள்ளை.

எர்த்து வயரைப் பிடித்துக்கொண்டே அஃப்தாப் மாடியிறங்கினார். சுவரோரமாகப் போன வயர், வாசலைத் தாண்டி, தெருவோரம் மூடி பற்றவைத்த ஓர் இரும்புக் குழாயில் போய் முடிந்தது. போர்வெல்.

7.

இனி வருகிற பகுதியை அஃப்தாப் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

மூன்று வருடத்துக்கு முன் சின்னுசாமி தன் வீட்டு வாசலிலேயே நடந்தார். தேங்காய் எழுந்தது. தன் ரிக்கையே நிறுத்தி ஆயிரத்து நூறு அடி போட்டார். வெறும் புகை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊருக்கு அவர் சொன்னது வேறு: "நல்ல தண்ணி. பஞ்சாயத்துக் குழாய் வருதில்லீங்க, இப்பத்திக்கு மோட்டார் எதுக்கு?" மூடி போட்டுப் பற்றவைத்துவிட்டார். பிறகு மாடி கட்டியபோது வயரிங்காரர் எர்த்துக்குக் குழி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். "குழியா? ஆயிரத்து நூறு அடிக் குழாய் நிக்குது. அதுல கட்டுங்க. இந்த மாதிரி எர்த்து ஜில்லாவுலயே யாருக்கும் இருக்காது."

ஈரம் இல்லாத மண்ணில் எத்தனை அடி போனால் என்ன?

"எர்த்து காய்ஞ்சிருக்குதுங்க ஐயா," என்றார் அஃப்தாப்.

"அடியில தண்ணி கெடக்குதுங்க."

"பல்பு எரியலீங்களே."

"அப்ப என்ற தேங்காயப் பொய்யின்னு சொல்றீங்களா?"

"தேங்காயப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலீங்க. பல்பப் பத்தித்தான் சொன்னேன்."

தனப்பிரியா உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரும் ஒரு படி உப்பும் கொண்டுவந்தாள். குழாயைச் சுற்றிக் கொட்டினாள். ஆறு குடம். மேலே போய் மிஷினைப் போட்டாள். பெட்டி கடிக்கவில்லை. இரண்டு மணி நேரம் ஓடியது. மண் தண்ணீரைக் குடித்து முடித்ததும் நின்றது. சின்னுசாமி அந்த ஆறு குடத்தையும் பார்த்துக்கொண்டே நின்றார். "செடிக்கு ஊத்தறாளாக்கும்," என்று எதிரே பார்த்துச் சொன்னார். எதிரே பால் சொசைட்டி. குழாய்க்குப் பக்கத்தில் செடி எதுவும் இல்லை.

8.

உங்கள் கேள்விகள் எனக்குத் தெரியும்.

வேறு குழி எடுக்கலாமே? எடுக்கலாம். இரண்டடிக்குக் கீழே பாறை. பாறை உடைக்கிற கம்ப்ரசர் செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும், அவருடைய ரிக் இரண்டும் சத்தீஸ்கரில். திங்கள் காலை ஒன்பது மணிக்குத் தனப்பிரியா உட்கார வேண்டும், கம்பெனி கொடுத்த கெடு அது.

குடத்திலேயே ஊற்றிக்கொண்டிருக்கலாமே? பஞ்சாயத்துத் தண்ணீர் இனிப் புதன்கிழமைதான்.

கடைக்குப் போய் உட்காரலாமே? நானும் கேட்டேன். கம்பெனிக்காரர்கள் வீட்டு முகவரியில்தான் இணைப்புக் கொடுத்திருக்கிறார்களாம்.

ஒரே வழிதான். குழாயைச் சுற்றி உப்பும் கரியும் போட்டு ஒரு டேங்கர் தண்ணீர் இறக்கினால் இரண்டு நாள் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், டேங்கர் எல்லாம் கல்யாண மண்டபங்களில். திங்கள் எட்டரைக்கு வருவதாகச் சொன்னார்கள். திங்கள் எட்டரைக்குப் பால் சொசைட்டியில் நாற்பது பேர் கேனோடு நிற்பார்கள். போதாததற்கு, எடப்பாடிப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் தட்டில் வெற்றிலையும் தேங்காயும் வைத்துக்கொண்டு, தங்கள் காட்டில் நடப்பதற்கு சின்னுசாமியை அழைத்துப்போக அன்றைக்குத்தான் வருகிறார்கள்.

நீரோட்டம் பார்க்கிறவர் வீட்டு போருக்கு டேங்கரில் தண்ணீர் ஊற்றுவதை அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

9.

முடிவுகள்.

முதல் முடிவில் சின்னுசாமி டேங்கரைத் திருப்பி அனுப்புகிறார். பதினோரு மணிக்கு மிஷின் நிற்கிறது. தரகர் மூன்றாம் முறை வருகிறார். (எழுதி முடித்ததும் எனக்கே அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. அந்த ஆள் அவ்வளவு கெட்டவர் இல்லை. ஆனால் நல்லவர்கள் இதைச் செய்ததே இல்லை என்று யாராவது சொல்லட்டும்.)

இரண்டாம் முடிவில் ஊருக்கு ஏற்கெனவே தெரியும். போர் போட்ட அன்றே புகையைப் பார்த்துவிட்டார்கள், மரியாதைக்காகச் சொல்லாமல் இருக்கிறார்கள். (அழகாக இருக்கிறது. ஆனால் இது அவரைச் சும்மா விட்டுவிடுகிறது. அவர் எதையும் இழக்காமல் மகளுக்கு வேலை கிடைத்துவிடுகிறது. அப்படிக் கிடைப்பதை நான் பார்த்ததில்லை.)

மூன்றாவதில் அவர் பால் கேன்களுக்கு நடுவே நின்று ஒரு பெரிய பேச்சுப் பேசுகிறார். அஃப்தாப் மறுபடி என் கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தபோது படித்துக் காட்டினேன். "அந்த மனுஷன் இவ்வளவு வார்த்தை பேச மாட்டாருக்கா," என்றார்.

"சரி, என்னதான் நடந்தது? நீங்கள் அங்கேதானே இருந்தீர்கள்?"

அவர் என் கம்ப்யூட்டரை மூடித் திருகாணியை முறுக்கினார். "மிஷின் என்னோடது, அதைப் பத்தி என்ன வேணா சொல்றேன். அதுக்கப்புறம் நடந்தது அவரோடதுக்கா. நான் சொல்ல மாட்டேன்."

கோபம் வந்தது. டீகூடப் போட்டுக் கொடுத்தேனே. அவர் போன பிறகு வெட்கமாகவும் இருந்தது. பெயரை மாற்றினாலும் இதை எழுதுவதன் மூலம் அந்த போர் காய்ந்தது என்று ஊருக்குச் சொல்கிற வேலையை நானே செய்துகொண்டிருக்கிறேன். சின்னுசாமி வாயிலிருந்து வர வேண்டியதை நான் பிடுங்கி எழுதுவது திருட்டு.

எனவே முடிவு எழுதப்போவதில்லை. அந்தத் திங்கள் காலை வரை உங்களைக் கொண்டுவந்து விடுகிறேன்.

10.

திங்கள், எட்டு நாற்பத்தொன்று. தனப்பிரியா மாடியில் மிஷினைப் போட்டுவிட்டாள். காலில் செருப்பு. பெட்டியின்மேல் ஒரு விரலை வைத்துப் பார்க்கிறாள், சுருக்கென்று இழுத்துக்கொள்கிறாள். ஜன்னல் திறந்திருக்கிறது. அப்பாவைக் கூப்பிடலாம். கூப்பிடவில்லை.

கீழே எடப்பாடிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், மடியில் தட்டு. சௌந்திரம் உப்பு மூட்டையைக் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறார். பால் சொசைட்டியில் வரிசை. டேங்கர் தெரு முனையில் திரும்புகிறது, ஹாரன் அடிக்கிறது, வாசலில் வந்து நிற்கிறது. எல்லாத் தலையும் திரும்புகிறது.

டிரைவர் இறங்கி ரப்பர்க் குழாயை உருவித் தோளில் போட்டுக்கொண்டு கேட்கிறார்: "ஏனுங்க, தண்ணிய எங்கீங்க ஊத்தோணும்?"

வாசலில் நிற்கிற சின்னுசாமிக்கு அந்த வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. எந்த வார்த்தை என்று எனக்குத் தெரியாது. அவருடைய இடத்தில் நீங்கள் நில்லுங்கள், உங்களுக்கும் ஒரு பெயர் இருக்கும், மாடியில் யாராவது இருப்பார்கள். டிரைவர் காத்துக்கொண்டிருக்கிறார். பதிலைச் சத்தமாகச் சொல்லுங்கள். மனசுக்குள் சொன்னால் அவருக்குக் கேட்காது.