ராசம்மா எடுத்த உரம்

கந்தப்பளைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், கைப்பிள்ளை பால் குடிக்காமல் சிணுங்கிக் கழுத்தைச் சாய்த்தால் அதற்குப் பெயர் உரம். உரம் விழுந்த பிள்ளைக்கு அதை எடுக்க ராசம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். டிஸ்பென்சரிக்குப் போவதெல்லாம் அதற்கப்புறம்தான். அப்படியிருக்க, டவுன் ஆஸ்பத்திரியில் தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பிராவில் இருக்கும் பிள்ளையின் தலையைப் படம் பிடித்துவிட்டார்கள் என்றால் அவளுக்குப் பொறுக்குமா? பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பிள்ளை திலக்ஷனுக்கு நாலு மாதம். முந்தாநாள் சாயங்காலம் வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார்கள். தாய் சுலக்ஷனா வார்டுக்குள்ளே இருந்தாள். தகப்பன் விஜிதரன் வாசலில் நின்றான். அவன் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர்.

"ஏண்டா, புள்ள உள்ள இருக்கு, நீ இங்க பெரட்டுல பேர் குடுக்க வந்தவன் மாதிரி நிக்கிற?"

"உள்ள விட மாட்டேங்கிறாங்க பெரியம்மா."

"குளிக்காம வந்தியா?"

அவன் சிரிக்கவில்லை. "நான்தான் புள்ளய என்னமோ செஞ்சுட்டேன்னு நெனைக்கிறாங்க. தலைக்குள்ள ரத்தமாம். டொக்டர் எழுதிக் குடுத்தா என்னைய ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம்."

"நீயா? கோழி அறுக்கச் சொன்னா அடுத்த லயத்துக்கு ஓடுற ஆளாச்சே!"

"சம்பளத்தன்னைக்குக் குடிச்சிட்டு சத்தம் போட்டேன்ல, அத நம்ம தோட்டத்துல பிரசவம் பாக்குற மிட்வைப் மிஸ் இங்க சொல்லியிருக்காங்க."

"சத்தமா போட்ட? பாட்டுல்ல பாடுன! கேட்ட நாங்கதான் கேஸ் குடுக்கணும்."

தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவருக்கும் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, ராசம்மா நேரே வார்டுக்குள், பிள்ளையைப் பார்க்கிற டொக்டர் ஷிராணியின் மேசைக்குப் போனாள்.

"நான் பக்கத்துக் காம்பிரா, டொக்டரம்மா. அந்தப் பையன் அப்பிராணி."

"நல்லதாப் போச்சு, உக்காருங்கம்மா. புள்ளயத் தூக்கிப் பழகுற எல்லார்கிட்டயும் நான் கேக்கணும்." டொக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "இதுதான் ஸ்கேன் படம்."

"பாதியா வெட்டுன வெங்காயம் மாதிரி இருக்கு."

"வெங்காயம் இல்லம்மா, மூளை. மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல ரத்தம் கசிஞ்சிருக்கு பாருங்க, ரெண்டு பக்கமும். கண்ணுக்குள்ளயும் இருக்கு. வெளிய ஒரு கீறல் இல்ல. ரத்தம் உறையாத வியாதியான்னும் பாத்தாச்சு, அதுவும் இல்ல. இப்படி இருந்தா யாரோ புள்ளய வேகமா உலுக்கியிருக்காங்களான்னு சந்தேகப்படணும். அதுலயும் ஒரு பக்கத்து ரத்தம் கொஞ்சம் பழசு மாதிரி இருக்கு. ஒரே நாள்ல வந்ததாத் தெரியல."

"தங்கமா வச்சிருக்கிற புள்ளய யாரு உலுக்குவா? அப்படி ஏதும் இருந்தா, முந்தாநாள் உரம் எடுத்தப்பவே என் கைக்குத் தெரிஞ்சிருக்குமே!"

டொக்டரின் பேனா நின்றது. "எத்தன தடவ எடுத்தீங்க?"

"ரெண்டு கெழமைக்கு முந்தி ஒண்ணு. முந்தாநாள் ஒண்ணு."

"எப்படி எடுப்பீங்க? எனக்குக் கொஞ்சம் காட்டுங்களேன்."

முப்பது வருஷமாக ராசம்மா எதிர்பார்த்திருந்த கேள்வி அது. படித்த டொக்டரே கேட்கிறாரே! முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்துக் கட்டிலில் இருந்த தலையணையை எடுத்தாள்.

"இது தலை, இது காலுன்னு வச்சுக்குங்க. மொதல்ல பழைய சேலையில போட்டு இப்படியும் அப்படியும் உருட்டணும். அப்புறம் ரெண்டு காலையும் புடிச்சுத் தலைகீழாத் தூக்கி..."

உதறினாள். ஒன்று, இரண்டு, மூன்று. தலையணைப் பஞ்சு பறந்தது. வார்டில் இருந்த தாய்மாரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூணாவது உதறல்ல புள்ள அழுகைய நிப்பாட்டிடும். கைராசி அப்படி."

"முந்தாநாளும் நிப்பாட்டிச்சா?"

"டக்குனு. அப்படியே தூங்கிட்டான்."

"அது தூக்கம் இல்லம்மா," என்றார் டொக்டர். குரலில் கோபம் இல்லை. "நாலு மாசப் புள்ளைக்குத் தலை பாரம், கழுத்துல பலம் கெடையாது. உதறினா மூளை உள்ள ஆடும். அதச் சுத்தி இருக்கிற மெல்லிசான ரத்தக் குழாய் அறுந்துடும்."

ராசம்மா படத்தை மறுபடி பார்த்தாள். இந்த முறை வெங்காயம் தெரியவில்லை.

"மூணே மூணு தடவதானே உதறுவேன்..." என்றாள். படத்தில் விரலை வைத்து, "இதுல என் கை தெரியுதா?"

"இல்ல. ரத்தம் மட்டும்தான் தெரியும். கை யாருதுன்னு மனுசங்கதான் சொல்லணும்."

பஸ் வருகிற நேரம்தான். வெளிக்கேட்டும் திறந்துதான் கிடந்தது. தலையணையைத் தட்டி இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ராசம்மா பொலிஸ்காரரிடம் போனாள்.

"ஐயா, அவன விட்டுட்டு என்னைய எழுதுங்க. உதறுனது நான். வயசு அறுபத்தாறு. ஜெயில்னா எழுபதுன்னு போட்டுக்குங்க."

விஜிதரன் வாயைப் பிளந்தான். பின்னாலேயே வந்த டொக்டர் அவனைப் பார்த்தார். "யாராவது உலுக்கினீங்களான்னு எத்தன தரம் கேட்டேன்? ஏன் சொல்லல?"

"அது வைத்தியம்ல டொக்டர்! உலுக்குறதுன்னா கோவத்துல செய்யறது. இவங்க எங்க கோவப்பட்டாங்க? நாங்கதானே கூப்பிட்டோம்!"

பொலிஸ்காரர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ராசம்மா நாளைக்கு ஸ்டேசனுக்கு வரவேண்டும், மற்றதை விசாரித்துத்தான் சொல்லமுடியும் என்றார். டொக்டர் விஜிதரனை உள்ளே போகச் சொன்னார்.

பிள்ளை விழித்திருந்தான். வலிப்பு திரும்பவில்லை, இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தபிறகுதான் எதுவும் உறுதியாகச் சொல்லலாம் என்றார்கள். விஜிதரன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கட்டிலருகே நின்றானே தவிர, தூக்கப் பயந்தான்.

"தலைய ஏந்திப் புடிடா மடையா," என்றாள் ராசம்மா வாசலிலிருந்து.

சுலக்ஷனா நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "அத்தை, நீங்க அங்கேயே நில்லுங்க."

"நான் அசையவே இல்லையே ஆத்தா," என்று சொல்லி, ராசம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.