வெறும் காத்துக்கு எத்தனை யூனிட்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில் இந்தத் தடவை இரட்டிப்பாக வந்தது. வந்த அன்றே பழி என் காரின் மேல் விழுந்தது. போட்டவர் என் மாமனார் குப்பண்ணன். எங்கள் ஊர் எருத்தேன்பதியில் தனக்குத் தெரியாத விஷயம் எதுவும் கிடையாது என்ற எண்ணம் அவருக்கு உண்டு. எலக்ட்ரிக் கார் மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

"வண்டி ஆயிரத்தைநூறு கிலோ இருக்குது, அம்மணி. அத்தன பாரத்தச் சித்தூருக்கு இழுத்துட்டுப் போயித் திருப்பிக் கொண்டாரணுமின்னா எவ்வளவு கரண்டு குடிக்கும்? புதுசா மாட்டுன ஏசில என்ன இருக்குது, வெறும் காத்து."

கேட்டவர்களுக்கெல்லாம் அது நியாயமாகவே பட்டது. என் கணவர் பிச்சைமணியும் தலையை ஆட்டினார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், எது எவ்வளவு இழுக்கிறது என்று எனக்கும் தெரியாது.

சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறேன். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க ஏழு மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். இரண்டு பஸ் மாறிப் போன காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாளாவது தாமதமாகும். இனிமேல் தாமதித்தால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் ஜனவரியில் என் சம்பளத்தில் கார் வாங்கினேன். வண்டி போனால் வேலையும் போகும். மாமா அதற்குள் பக்கத்து ஊரான நல்லேப்பிள்ளிக்காரர் ஒருவரிடம் விலை பேசி, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கவும் சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் வெயிலில் எங்கள் படுக்கையறையில் ஏசி மாட்டினோம். பகலில் மகனும் மருமகளும் இருக்கிற அறையின் கதவைச் சாத்துவது எங்கள் வீட்டில் மரியாதையில்லை. எப்போதும் ஒரு திரைச்சீலைதான் தொங்கும். அந்த அறைக்குள் கால் வைப்பது அத்தை மருதாத்தாளுக்கும் மரியாதையில்லை. ஆனால் வெயில் மரியாதை பார்க்குமா? நாங்கள் வேலைக்குப் போனதும் அத்தை கட்டிலைக் கூடத்தில் திரைக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொள்வார். கையை மட்டும் உள்ளே நீட்டி ரிமோட்டை அமுக்குவார். கூடம் ஓடு போட்டது. குளிர் பாதி அத்தைக்கு, பாதி ஓட்டு இடுக்கு வழியாக ஊருக்கு.

இது எனக்குத் தெரியும். ஆனால் எப்படிச் சொல்வது? சொன்னால், மாமியார் கொஞ்சம் காற்று வாங்குவதைக்கூடப் பொறுக்காதவள் என்று பேர் வரும். வாயை மூடிக்கொண்டு வேறு வழி தேடினேன்.

"மாமா, ரெண்டு நாளைக்கு மீட்டரப் பாத்தர்லாமுங்க. ஒரு நா ஏசி வேண்டாம், காருக்கு மட்டும் சார்ஜ். அடுத்த நா காருக்கு வேண்டாம், ஏசி மட்டும். நீங்களே பாத்து எழுதுங்க."

தீர்ப்புச் சொல்லும் வேலை என்றால் அவருக்குப் பிடிக்கும். ஒத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஏசி வாயைத் திறக்கவில்லை. அத்தை விசிறியும் கையுமாக வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் வந்ததும் அன்று ஓடியதற்குக் காருக்குச் சார்ஜ் போட்டேன். வெள்ளி காலை ஆறு மணிக்கு மாமா கண்ணாடி போட்டு மீட்டரைப் பார்த்து, முந்தின நாள் காலை எழுதியதைக் கழித்தார்.

"பதினொண்ணு," என்றார், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் மாதிரி.

ஃபிரிஜ், ஃபேன், மிக்ஸி எல்லாம் சேர்த்துத்தான் பதினொன்று.

வெள்ளிக்கிழமை வண்டியைத் தொடவே கூடாது என்றார் மாமா. நிற்கிற கார் கரண்ட் குடிக்காது என்று சொன்னால் நம்புகிற ஆளில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். இருபது நிமிடம் தாமதம். இந்த ஒரு தடவை போகட்டும் என்று விட்டார்கள். பசியோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நாளைக்கு ஏசியும் பத்து, பதினொன்று என்று காட்டினால் தினமும் இந்தப் பாடுதான், அதுவும் இன்னும் எத்தனை நாளைக்கு என்று நினைத்துக்கொண்டேன். முதல் ஆளின் பெயரை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுத்தேன்.

சனி காலை ஆறு மணி. மாமா மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்புறம் மகனைக் கூப்பிட்டு அவரையும் படித்துக் கணக்குப் போடச் சொன்னார்.

"இருபத்தெட்டுங்கப்பா," என்றார் பிச்சைமணி. அதோடு நிறுத்தியிருக்கலாம். "நாங்க ரெண்டு பேரும் பகல்ல ஊட்டுல இல்லியே, ஏசிய ஆரு போட்டது?"

அத்தை அடுக்களையிலிருந்து வந்தார். "நாந்தான் போட்டேன். ஒம்பது மணிக்குப் போட்டா பொழுது சாஞ்சாத்தான் நிறுத்துவேன். மகன் ரூமுக்குள்ள போயி நா எப்படிக் கதவச் சாத்திட்டுப் படுக்கறது?"

அவர் முகம் சிவந்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. ஜெயித்த சந்தோஷமும் கூடவே இருந்தது, அதையும் மறைப்பானேன்.

"நாங்க இல்லாதப்ப அது வெறும் ரூமுதானுங்க அத்தை. உள்ளயே படுத்துக் கதவச் சாத்திக்குங்க. சாத்துனா ஏசி கம்மியாத்தான் இழுக்கும்."

மாமா மகனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி அத்தையின் கட்டிலைத் தூக்கி எங்கள் அறைக்குள் கொண்டுபோய்ப் போட்டார். ஆனால் காரைப் பற்றி ஒரு பேச்சுமில்லை. அன்று முழுவதும் இல்லை. இவர் தோற்றதை ஒத்துக்கொள்ளாமலே வண்டியை விற்றுவிடுவாரோ என்று எனக்குள் குமைந்தது.

ஞாயிறு காலை நல்லேப்பிள்ளிக்காரர் சொன்னபடி வந்துவிட்டார். காரைச் சுற்றிவந்து டயரைத் தட்டிப் பார்த்தார். நான் டீயோடு வாசற்படியில் நின்றேன்.

"சாவி தாங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தர்லாம்," என்றார் அவர்.

மாமா தொண்டையைச் செருமினார். "உங்களச் சும்மா அலைய வெச்சுப்போட்டனுங்க. இது எம் மருமவ வண்டி. அவ சம்பாரிச்சு வாங்குனது. இத விக்கறேன்னு சொல்ல நா ஆருங்க?"

டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வந்தவருக்கு டீ கொடுக்க வேண்டும் என்பதுகூட மறந்துவிட்டது. மாமாவே வந்து டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.