கதவின் அடிப்பக்கம்

எலும்பு முறிவுப் பிரிவில் பதினோரு வருடமாக மாவுக்கட்டுப் போடுகிறவள் அவள். ஒரு திங்கட்கிழமை காலையில் அவளுடைய வீட்டுப் பெயிண்டரே வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எதிரே வந்து நின்றார். ஏணியில் ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. பேருந்திலிருந்து இறங்கும்போது வழுக்கிவிட்டதாம். ஆறு வாரம் அசைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய மாடி வீடு அது. கீழே மூத்தவரின் குடும்பம், மேலே இவளும் கணவனும். உள்வேலையெல்லாம் முடிந்திருந்தது. வாசல் கதவும் எட்டு ஜன்னல்களும் மாடிக் கைப்பிடியும் மட்டும் பூச்சு இல்லாமல் வெறும் மரமாக நின்றன. மழைக்கு ஒரு வாரம்கூட இல்லை. தெரிந்த ஆட்கள் எல்லோருக்கும் கைநிறைய வேலை என்றார் பெயிண்டர்.

அவருடைய கையில் துணியைச் சுற்றிக்கொண்டே என்னென்ன செய்ய வேண்டுமென்று வரிசையாகக் கேட்டுக்கொண்டாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி போகத் துடைத்து, பிரைமர் அடிக்க வேண்டும். பிறகு ஓட்டைகளில் பட்டி வைத்து, மறுபடி தேய்த்து, இரண்டு கை பெயிண்ட். ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. அந்தக் கடைசி விஷயத்தை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரம் காயாத கட்டின் மேல் காலை ஊன்றியவர்கள் திரும்பி வந்து நின்றதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

அன்று மாலை வேலையைத் தானே செய்யப்போவதாக வீட்டில் சொன்னாள். மூத்தவர் சிரித்தார். அவருடைய மனைவி கேட்டாள்:

"மாவுக்கட்டும் மரமும் ஒண்ணா?"

"ரெண்டுலயும் அவசரப்பட்டா கெட்டுப்போயிடும்க்கா. நாலு நாள் லீவு சொல்லிட்டேன்."

ஓரகத்திகள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஜன்னலுக்கு என்ன நிறம் என்று மூன்று வாரம் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் இருவருக்குமே பிடிக்காத அடர்பழுப்புக்கு ஒத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் யாரும் தோற்கவில்லை.

முதல் நாள் அக்கா டீ டம்ளரோடு கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிரைமர் ஒரே சீராக இறங்குவதைப் பார்த்தாள். குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் பெயிண்ட் டப்பாவைத் திறந்தபோது, சமையலறை ஜன்னலைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டாள்.

அன்றுதான் இளையவள் வாசல் கதவின் கீழே விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். சொரசொரவென்று பூச்சே படாத வெறும் மரம். தச்சர் அப்படியே மாட்டிவிட்டுப் போயிருந்தார். கதவைக் கழற்ற வேண்டும் என்றாள். அடிப்பக்கத்தை யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று மூத்தவர் கேட்டார்.

"மழைத் தண்ணி பாக்கும்," என்றாள் அவள்.

அண்ணனும் தம்பியும் முனகிக்கொண்டே கீல்களைக் கழற்றினார்கள். கதவு இரண்டு முக்காலிகளின் மேல் ஒன்றரை நாள் படுத்திருந்தது. மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் பிரைமர், அது காய்ந்ததும் பெயிண்ட். இரவில் ஒட்டுப்பலகையை வைத்து அடைத்தார்கள். மறுநாள் ஆண்கள் வேலைக்குப் போனதும், திறந்து கிடந்த வாசலில் இரண்டு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு இரண்டு பெண்களும் காவலுக்கு உட்கார்ந்தார்கள். பிறகு அக்கா தெருவைப் பார்த்தபடியே சொன்னாள்:

"சேர்ந்து கட்டலாம்னு இவங்க சொன்னப்போ நான் வேண்டாம்னேன். உன்கூட ஒரே வாசல்ல போகவர முடியாதுன்னு."

"நானும் அதையேதான் சொன்னேன்," என்றாள் இளையவள்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தெருவில் போன ஒருவர், கதவில்லாத வீட்டு வாசலில் உட்கார்ந்து சிரிக்கும் இரண்டு பெண்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அன்று மதியம் அக்கா எதிர்வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொன்ன கதைகளில் நேரம் போனதே தெரியவில்லை.

கதவை மாட்டிய மறுநாள் மாலை மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் அடித்தது. மழை வெறித்த பிறகு மூத்தவர் வீட்டைச் சுற்றிவந்து ஒவ்வொரு ஜன்னலையும் திறந்து மூடிப் பார்த்தார். எதுவும் இறுகவில்லை, எங்கும் பூச்சு உப்பவில்லை. வாசல் கதவு விரலால் தள்ளியதுமே சாத்திக்கொண்டது. ஆனால் சமையலறை ஜன்னலின் சட்டத்தில் மெழுகு ஒழுகி உறைந்ததுபோல் ஒரு கோடு இருந்தது.

"இது என்னம்மா?" என்று இளையவளைக் கேட்டார்.

அவள் ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தாள். அக்கா முந்திக்கொண்டாள்:

"அது நான் அடிச்சது. பிரஷ்ல ரொம்ப எடுத்துட்டேன்." இளையவளிடம் திரும்பி, "மிச்சம் உப்புத்தாள் இருக்கா? நானே தேய்ச்சு மறுபடி அடிச்சிடுறேன்."

"நைஸ் தாள் இருக்குக்கா. ஆனா ரெண்டு நாள் நல்லா வெயில் படட்டும்."

சரி என்று தலையாட்டிவிட்டு அக்கா, எது நைஸ் தாள் என்று விரலால் தேய்த்துப் பார்க்கப் போனாள்.