வெள்ளிக்கிழமை அடித்த மணி

பரஞ்சோதி உபதேசியார் வீட்டில் அன்று மத்தியானம் வெள்ளைச் சோறு. எட்டு மாதமாக மரவள்ளிக் கிழங்கையே அவித்தும் இடித்தும் தின்று நாக்கு செத்துப்போயிருந்த குணவதி, வெட்கத்தை விட்டு இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஏது அரிசி என்று விசாரிக்கத்தான் செய்தாள். "கர்த்தர் கொடுத்தாரும்மா, சாப்பிடு" என்றார் உபதேசியார். கர்த்தர் பேரைச் சொன்னபிறகு மேற்கொண்டு எவள் கேட்பாள்!

ஒரே ஒரு வருஷ ஊழியம் என்று நாசரேத்திலிருந்து அவரோடு கப்பலேறியவள் அவள். சம்பளம் கிடையாது. மருந்துப் பெட்டியும் வேதாகமமும்தான் கையில். சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வந்திறங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை, ஜப்பான்காரன் வந்துவிட்டான். கப்பல் நின்றது. ஒரு வருஷம் இரண்டாகிவிட்டது.

விடிந்தால் பெரட்டு. தொங்கும் தண்டவாளத் துண்டைக் கங்காணி தட்டுவான், ஆட்கள் வேலைக்கு வரிசை நிற்பார்கள். அது கலைந்ததும் ஜெபக்கூடத்து வாசலில் இவளுடைய வரிசை. புண் கழுவுவாள், சொறிக்கு வேப்பிலை அரைத்துப் பூசுவாள், பிள்ளைகளை மணலில் எழுத வைப்பாள். மருந்து தீர்ந்து வெகுநாளாயிற்று. உப்புத் தண்ணீரும் ஜெபமும்தான் மிச்சம். மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் அவள் ஜெபத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அக்கா மனசு நோகக்கூடாதல்லவா!

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்கத் தொடங்கிய பிறகு பெரட்டுக்கு இரண்டு தரம் லோரி வந்தது. ஏறிப் போனவன் ஒருவனும் திரும்பவில்லை. அதன்பின் தண்டவாளச் சத்தம் கேட்டாலே ஆண்கள் ரப்பர் காட்டுக்குள் ஓடினார்கள். ஜெபக்கூடத்து மணிக்கு மட்டும் யாரும் ஓடவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கும் கஞ்சிக்கும் அடிக்கிற மணி. அடிக்கிறவளும் குணவதி ஒருத்திதான்.

சோறு தின்ற கை காய்வதற்குள் உபதேசியார் சொன்னார்: "இன்னிக்கு மூணு மணிக்கு மணி அடிம்மா. மிஷன் அரிசி வந்திருக்கு. ஆம்பளைங்க நேர்ல வந்தாத்தான் பங்கு. ஒளிஞ்சிருக்கிறவங்களையும் வரச் சொல்லு, பாவம்."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே, ஐயா?"

"பசி கிழமை பார்க்குமா?"

என்ன நல்ல மனசு என்று பூரித்துப் போனாள் பைத்தியக்காரி.

பாப்பம்மாவின் புருஷன் இருளப்பன் சதுப்புக்காட்டு ஓரத்தில் பதுங்கியிருந்தான். அந்த இடம் பாப்பம்மாவுக்கும், அவன் கால்புண்ணைத் தினமும் கழுவப் போகும் குணவதிக்கும் மட்டுமே தெரியும். பாப்பம்மாவைக் கூட்டிக்கொண்டு நேரே அங்கே போனாள்.

"நெசமா அரிசிதானாக்கா?" என்றான் அவன்.

"நானே இப்பத்தான் தின்னுட்டு வாரேன். நான் சொன்னா நம்பமாட்டியா?"

"அக்கா சொன்னா சரிதான்லா. எந்திரிங்க," என்றாள் பாப்பம்மா.

மூன்று மணிக்குக் குணவதி கயிற்றை இழுத்தாள். ஆண்கள் ஒவ்வொருவராகக் காட்டைவிட்டு வந்தார்கள். கையில் தகரக் குவளை, முகத்தில் கூச்சமான சிரிப்பு. முற்றம் நிறைந்ததும் வராந்தாவில் நின்ற உபதேசியார் வெள்ளைத் துண்டை உதறித் தோளில் போட்டார். அவ்வளவுதான்! ரப்பர் ஸ்டோருக்குப் பின்னாலிருந்து இரண்டு லோரி சீறிக்கொண்டு வந்தது. துப்பாக்கிக்காரர்கள் நாலு பக்கமும் குதித்தார்கள்.

"ஓடுங்க!" என்று கத்தினாள். மணிக்கயிறு இன்னும் அவள் கையில்தான் இருந்தது. இருளப்பன் அந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவான்! லோரியில் ஏற்றும்போது அவளைத் திரும்பிப் பார்த்தான். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தாலாவது தேவலை.

உபதேசியாரின் சட்டையைப் பிடித்தாள் குணவதி. "தெரிஞ்சேதானா செஞ்சீங்க?"

"நாப்பது பேர் கேட்டான். கொடுக்கலேன்னா நம்மளையே ஏத்துவான். நர்ஸ் வேணும்னு உன் பேரையும் எழுதியிருந்தான். உன்னைக் காப்பாத்தியிருக்கேன், அத நினைச்சுப் பாரு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா, ஐயா?"

"கேட்டிருந்தா மணி அடிச்சிருப்பியா?"

"அப்போ அந்த அரிசி?"

அவர் கண் வீட்டு அடுப்படிப் பக்கம் போயிற்று. அதற்குமேல் கேட்கத் தேவையில்லை. குணவதி தொண்டைக்குள் விரலை விட்டுக் குமட்டினாள். ஒரு பருக்கை வெளியே வரவில்லை. பாவி வயிறு எட்டு மாதப் பசியில் அதை எப்போதோ தனதாக்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாக இந்த மனிதரோடு ஒரே பாயில் முழங்கால் போட்டு ஜெபித்தோமே என்று நெஞ்சு எரிந்தது. அடுப்படிக்குள் போய் அரிசி மூட்டையைத் தரதரவென்று வாசலுக்கு இழுத்து வந்தாள்.

லோரிக்குப் பின்னால் ஓடிய பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். புழுதி படிந்த முகத்தோடு, இரண்டு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு பாப்பம்மா வந்து நின்றாள். இருளப்பன் கொண்டுவந்த தகரக் குவளை அவள் கையில் நசுங்கிப்போய் இருந்தது. குணவதி அவள் காலில் விழுந்தாள். பாப்பம்மா ஓரடி பின்வாங்கினாள். இந்தத் தரம் அக்கா என்று கூப்பிடவில்லை.

"எந்திரிங்க," என்று குவளையை நீட்டினாள். "அவரு பங்கைப் போடுங்க. நேர்லதானே வந்தாரு."