ஒரு இருமல் என்றால் இடப்பக்கம்

பறவை காட்டிப் பிழைக்கிறவனுக்கு முடி போகலாம், முழங்காலும் போகலாம். எனக்கு இரண்டும் போய்ப் பல வருஷமாகிறது, யாரும் குறை சொன்னதில்லை. காது மட்டும் போகக்கூடாது. இந்த வருஷம் அதுவும் கிளம்பிவிட்டது.

முழுதாக அல்ல. என் மனைவி நார்சிசா திட்டினால் தெளிவாகக் கேட்கிறது. ஊசியால் கண்ணாடியைக் கீறுவது போன்ற மெல்லிய சத்தங்கள்தான் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டன. எங்கள் மிந்தோ காட்டில் பாதிப் பறவைகள் அந்தக் குரலில்தான் பேசித் தொலைக்கின்றன.

போன மாதம் இரண்டு ஜெர்மன் பையன்களைக் கூட்டிப் போனேன். தலைக்கு நேர் மேலே பறவை கூவியிருக்கிறது. நான், "இங்க ஒண்ணும் இல்ல, வாங்க போலாம்" என்றிருக்கிறேன். விஷயம் நான் வேலை பார்க்கும் விடுதியின் முதலாளி வரைக்கும் போனது.

"ஒல்கேர், குவென்காவுலேர்ந்து ஒரு டீச்சரம்மா வர்றாங்க. ஆரஞ்சு நெஞ்சுப் பழந்தின்னிப் பறவையைப் படம் எடுக்கணுமாம். காட்டிட்டேன்னா சரி. இல்லேன்னா அடுத்த மாசம் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார்.

நார்சிசா அதற்குள் கடைத்தெருவில் சுட்ட கோழிக் கடைக்கு இடம் பார்த்துவிட்டாள். எனக்கு ஏப்ரன்கூடத் தைத்தாயிற்று. மார்பில் சிவப்பு நூலால், 'ஒல்கேர் சுட்ட கோழி'.

"என்ன பண்ணினாலும் பறவையோடதானே இருக்கப்போறீங்க?" என்று அதை என் பைக்குள் திணித்தாள். "போட்டுப் பாத்து அளவு சரியான்னு சொல்லுங்க."

பழந்தின்னி லேசுப்பட்டதல்ல. முதுகு இலைப் பச்சை. ஒரே கிளையில் சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும். குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். குரலோ எனக்குக் கேட்காத ரகம்.

ஆகவே மச்சினன் வாஷிங்டனைப் பிடித்தேன். வண்டி ஓட்டுகிறவன். பக்கத்துத் தெருவில் சில்லறை விழுந்தால் திரும்பிப் பார்க்கும் காது. கிளிக்கும் கோழிக்கும் மட்டும் வித்தியாசம் தெரியாது. போனில் பழந்தின்னியின் குரலைப் போட்டுக் காட்டினேன். அவன் தலையை ஆட்டினான். நான் சும்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு இருமல்னா இடப்பக்கம், ரெண்டுன்னா வலப்பக்கம், மூணுன்னா தலைக்கு மேல. புரிஞ்சுதா மாப்ள?"

"நெஜமாவே இருமல் வந்துச்சுன்னா மாமா?"

"அடக்கிக்கோ."

டீச்சர் எர்சிலியா குவென்காவில் முப்பது வருஷம் வயலின் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஆள் ஒல்லி. கழுத்தில் தொங்கிய கேமராவின் லென்ஸ் மட்டும் பால் கேன் அளவு. விடிந்ததும் காட்டுப் பாதையில் இறங்கினோம். கொஞ்ச தூரத்திலேயே பின்னால் ஓர் இருமல்.

நான் விரலை உயர்த்தினேன். "கேட்டீங்களா டீச்சர்? இடப்பக்கம்."

"கேக்காமயா! அருமையான சுருதி."

இடப்பக்கம் என்றால் எவ்வளவு இடப்பக்கம் என்று இருமலுக்குத் தெரியாது. அங்கே ஒரு மலையே இருந்தது. தேடித் தேடிக் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். இப்படியே இரண்டு இருமல், மூன்று இருமல், மறுபடி ஒன்று. பறவை மட்டும் வரவில்லை. டீச்சர் இரக்கப்பட்டுத் தன் பையிலிருந்து இருமல் மிட்டாயை எடுத்து வாஷிங்டனிடம் கொடுத்தார். அவன் என்னை முறைத்துக்கொண்டே சப்பினான்.

பத்து மணி வாக்கில் விழுந்து கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்து வறுத்த சோளம் தின்றோம். அப்போது வாஷிங்டன் இரும ஆரம்பித்தான். ஒன்று, மூன்று, ஐந்து, அப்புறம் எண்ண முடியவில்லை.

நான் எழுந்து பம்பரமாகச் சுற்றினேன். "அதோ டீச்சர்! இடப்பக்கம்... இல்ல, வலப்பக்கம்... மேல, மேல!"

டீச்சர் கண்களை மூடி ரசித்தார். "ஆகா, ரெண்டு மூணு சேந்து பாடுதே!"

வாஷிங்டன் கண்ணில் நீர் வழிய நெஞ்சைத் தட்டிக்கொண்டான். "சோளம் மாமா! தொண்டையில சோளம்! எந்தப் பறவையும் கூவல!"

வானத்துக்கே சங்கடமாகிவிட்டதோ என்னவோ, தூறல் விழுந்தது. கேமராவை மூட பிளாஸ்டிக் உறையைத் தேடிப் பைக்குள் கை விட்டேன். உறை வீட்டில். கையில் வந்தது ஏப்ரன். அதையே போர்த்தினேன்.

டீச்சர் சிவப்பு எழுத்தை வாசித்தார். "ஒல்கேர் சுட்ட கோழி. என்னங்க இது?"

"என் எதிர்காலம் டீச்சர்."

அப்புறம் எதை மறைப்பது? காது, இருமல், முதலாளி, கோழி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஏப்ரனின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"எனக்கு மேல் ஸ்தாயி போயி நாலு வருஷமாச்சு. கச்சேரிக்குப் போறதையே விட்டுட்டேன். படம் எடுக்கக் காது எதுக்குன்னு இந்தக் கேமராவை வாங்கினேன். போற காட்டுலயெல்லாம் உங்களை மாதிரி ஒருத்தர், 'கேட்டீங்களா, கேட்டீங்களா'ன்னு உயிரை எடுக்கறார்."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"அருமையான சுருதின்னு."

இருவரும் சிரித்தோம். நான் வாஷிங்டனைப் பார்த்தேன். "இனிமே இருமாதே மாப்ள. கையை நீட்டு."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? தொண்டை போச்சு!"

கொஞ்ச நேரத்தில் அவன் கை உயர்ந்தது. விரல் நேராக ஒரு மரத்தைக் காட்டியது. கிளைகளில் கறுப்புக் கறுப்பாகப் பழம். தூறலில் இலைகள் எல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு பச்சை மட்டும் ஆடவில்லை.

அந்தப் பச்சை திரும்பியது. தீப்பிடித்தாற்போல் ஆரஞ்சு நெஞ்சு.

சிவந்த அலகு திறந்தது, தொண்டை துடித்தது. எங்கள் கண் முன்னால் அது பாடிக்கொண்டிருந்தது. எங்களுக்கோ மழை மட்டும் கேட்டது. டீச்சர் கேமராவைத் தூக்கியவர், பொத்தானை அழுத்தவில்லை.

"தம்பி, எப்படி இருக்கு?" என்று கிசுகிசுத்தார்.

வாஷிங்டன் யோசித்தான். "குக்கர்ல விசில் வர்றதுக்கு முன்னாடி மெல்லிசா ஒண்ணு வருமே டீச்சர், அது மாதிரி. ஆனா கடைசில மேல ஏறி நிக்குது."

டீச்சர் விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தார். "இப்படியா?"

"இன்னும் கொஞ்சம் மேல."

விரல் இன்னும் கொஞ்சம் ஏறியது. அங்கேயே ஒரு கணம் நின்றது. பிறகுதான் படம் எடுத்தார். எனக்குக் கண் கலங்கியது. மழை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதிக்குத் திரும்பியதும் முதலாளியிடம் காது விஷயத்தை நானே சொன்னேன். "ஊருக்கே தெரியும்ப்பா" என்றார். டீச்சர் படத்தை அவர் முன்னால் நீட்டினார்.

"எங்க ஊர்ல பறவைப் படம் எடுக்கற குழுவுல எட்டுப் பேர். எல்லாரும் என் வயசு. அவங்களும் 'அருமையான சுருதி' கூட்டம்தான்னு எனக்குச் சந்தேகம். அடுத்த மாசம் கூட்டிட்டு வர்றேன். ஆனா இந்த ரெண்டு பேரும் சேந்து வந்தாத்தான்."

முதலாளி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாஷிங்டனைப் பார்த்தார். "சரி. அதுக்குள்ள இந்தப் பயலோட இருமலுக்கு மருந்து வாங்கிக் குடு" என்றார்.

வீட்டு வாசலிலேயே நார்சிசா பிடித்துக்கொண்டாள். "ஏப்ரன் அளவு சரியா இருந்துச்சா?"

"கச்சிதமா இருந்துச்சு" என்றேன். கேமராவுக்கு என்பதைச் சாப்பிட்ட பிறகு சொல்லலாம்.