பெடலில் கால் படாத பத்து நிமிடம்

எங்கள் டிரக்குக்கு ஞாபகசக்தி உண்டு என்பது, அது எல்லாவற்றையும் மறந்துபோன அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

காலை எட்டு மணிக்கு அக்கா சாவியைத் திருப்பினாள். வண்டி ‘டிக்’ என்றது. இரண்டாவது தடவை அதைக்கூடச் சொல்லவில்லை. பேட்டரி போய்விட்டது. நாலு வருடம் உழைத்த பேட்டரி, அதைக் குறை சொல்வதற்கில்லை. பேட்டரிக் கடைக்காரர் ஒன்பது மணிக்குப் புதுசு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். “இனிமே மூணு வருஷத்துக்கு நீங்க என் மூஞ்சியில முழிக்க வேண்டியதே இல்ல” என்று உறுதி கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் கழித்து முழித்தோம்.

அக்கா நடத்துவது சலவைக்கூடம். கீழே மெஷின்கள், மாடியில் நாங்கள். துவைப்பதும் இஸ்திரி போடுவதும் மாமா, அதாவது அக்காவின் கணவர். மடிப்பது அம்மா. வண்டி ஓட்டுவது அக்கா. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிப்பது நான். குடும்பத்தில் மெஷின்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரே ஆள்.

கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்று எங்களுக்கு ஆறு நாள் சோதனை வைத்திருந்தது. தினமும் மதியம் இரண்டு மணிக்குள் இருநூற்று நாற்பது படுக்கை விரிப்புகள் அங்கே போய்ச் சேர வேண்டும். ஆறு நாளும் சரியாகப் போனால் ஒரு வருட வேலை. ஒரு நாள் தவறினால் வேறு ஆள். அவர்கள் கொடுத்த நுழைவுச் சீட்டிலும் எங்கள் வண்டி நம்பர் மட்டும்தான் இருந்தது. வேறு வண்டியில் கொண்டுபோனால் வாசலோடு சரி. ஐந்து நாள் முடிந்திருந்தது. அன்று ஆறாவது.

விரிப்புகளை ஏற்றிக்கொண்டு ஒன்பதேகாலுக்குக் கிளம்பினோம். முதல் சிக்னலில் அக்கா ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். இன்ஜின் ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. சாவியைத் திருப்பியதும் ஒன்றும் நடக்காதது போல உடனே பிடித்தது. இரண்டாவது சிக்னலிலும் அதே கதை. மூன்றாவதில் பின்னால் நின்றவர்கள் எங்கள் பரம்பரையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள். அக்கா வண்டியைத் திருப்பிவிட்டாள்.

“எதுக்குத் திருப்புற? நான் ஓட்டுறேன்” என்றார் மாமா. “முன்பாதத்தால பிரேக், குதிகாலால ஆக்ஸிலேட்டர். விடாம லேசா அமுக்கிட்டே இருந்தா அது எப்படி நிக்கும்?”

“பதினோரு சிக்னல் இருக்கு.”

“பதினொண்ணுக்கும் அமுக்குறேன்.”

“அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிச் சரிவு?”

ஆஸ்பத்திரியின் துணிக் கிடங்கு தரைக்கு அடியில் இருந்தது. சரிவில் இறங்கித்தான் போக வேண்டும். அதே வழியில்தான் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கூட்டிப்போவார்கள். நடுச்சரிவில் இன்ஜின் அணைந்தால் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங் உலக்கையாகிவிடும்.

“அங்க அணையாதுன்னு தெரியாம நான் இறங்க மாட்டேன்” என்றாள் அக்கா. “வேலை போனா போகட்டும்.”

போனால் போகட்டும் என்று சொன்னவளின் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. போன மாதம்தான் இந்த வேலையை நம்பி இரண்டாவது சலவை மெஷினை இறக்கியிருந்தாள். அதன் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

தெருமுனை மெக்கானிக் வந்தார். தெருவில் அவருக்குப் பெயர் டாக்டர். நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். எல்லா வண்டிக்கும் முதல் மருந்து ஒன்றே ஒன்றுதான்.

“பேட்டரி டெர்மினலை ஒருவாட்டி கழட்டி மாட்டுவோம்.”

கழற்றி மாட்டினார். வண்டி ஓடியது. காலை எடுத்ததும் நின்றது.

பேட்டரிக் கடைக்காரரைக் கூப்பிட்டோம். “என் பேட்டரியில ஒரு குறையும் இருக்காது. இவரு டெர்மினலைச் சரியா மாட்டியிருக்க மாட்டாரு” என்று அவர் கழற்றி மாட்டினார். “என் கை பட்ட டெர்மினலை நீ குறை சொல்றியா?” என்று டாக்டர் மறுபடி கழற்றி மாட்டினார். இருவரும் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில், படித்த படிப்புக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று நானும் ஒருமுறை கழற்றி மாட்டினேன். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். இங்கே பல தச்சர்கள் ஒரே மரத்தைத் திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருந்தோம்.

இந்த நேரமெல்லாம் அக்கா எதையும் கழற்றவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். அவள் வேடிக்கை பார்ப்பதில் ஒரு விசேஷம் உண்டு. பார்க்க வேண்டியதை மட்டும் பார்ப்பாள்.

“மணி என்ன?” என்று கேட்டாள்.

“பத்தரை” என்றேன்.

“வண்டியில பன்னெண்டு காட்டுது.”

“பேட்டரி மாத்தினா அப்படித்தான்மா. கடிகாரம் மறந்துடும்” என்றார் டாக்டர்.

“காலையில பேட்டரி மாத்தினதும் நான் சரியா வச்சேன். நீங்க கழட்டினதும் பன்னெண்டு ஆச்சு. இவரு கழட்டினதும் பன்னெண்டு. தம்பி யாருக்கும் தெரியாம கழட்டினான், அப்பவும் பன்னெண்டு.”

நான் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தேன்.

“ரேடியோவுல வச்சிருந்த ஸ்டேஷன் ஒண்ணையும் காணோம்” என்று அவள் தொடர்ந்தாள். “கடிகாரம் மறந்துடுச்சு. ரேடியோ மறந்துடுச்சு. இன்ஜின் எதை மறந்துச்சு?”

டாக்டர் ஸ்குரூடிரைவரைக் காதிலிருந்து இறக்கினார். நான்கு ஆண்கள் ஒரு மணி நேரம் இன்ஜினுக்குள் தேடிய விஷயத்தை, அவள் சீட்டில் உட்கார்ந்தபடி கடிகாரத்தில் கண்டுபிடித்திருந்தாள். எனக்குப் பொறாமைகூட வரவில்லை. பொறாமைக்கு ஓரளவாவது கிட்டத்தில் இருக்க வேண்டும்.

அக்கா டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தாள். பழைய ரசீது, ஒற்றைக் கையுறை, சீப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் வண்டியோடு வந்த புத்தகம். பிளாஸ்டிக் கவர் பிரிக்கப்படாமல், வந்தது வந்தபடியே இருந்தது. பல்லால் கிழித்து, பேட்டரி என்று போட்ட பக்கத்தைத் தேடி, விரலை வைத்துப் படித்தாள்.

“பேட்டரி இணைப்பைத் துண்டித்தால், ஆக்ஸிலேட்டரை அமுக்காமல் இன்ஜின் ஓடுவதற்குத் தேவையான காற்றின் அளவு அழிந்துவிடும். மீண்டும் கற்பிக்க வேண்டும். இன்ஜினைச் சூடாக்கவும். கியரை நியூட்ரலில் வைக்கவும். விளக்கு, மின்விசிறி எல்லாவற்றையும் நிறுத்தவும். பத்து நிமிடம் ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் இன்ஜினை ஓட விடவும்.”

“அவ்வளவுதானா?” என்றார் மாமா.

“அவ்வளவுதான். சும்மா இருக்கணும்.”

எங்கள் குடும்பத்தில் இதற்கு முன்னால் யாரும் செய்யாத வேலை அது.

டாக்டர் நெற்றியில் தட்டிக்கொண்டார். “அட, ஆமா. காத்து போற குழாய்ல ஒரு தகடு திறந்து மூடும்மா. நாலு வருஷத்துக் கரி அதுல படிஞ்சிருக்கும். கரி சேரச் சேர, வண்டி தானாவே தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமா அதிகமாத் திறந்து சமாளிச்சிட்டு இருந்திருக்கு. அழுக்கோட குடும்பம் நடத்திப் பழகிடுச்சு. இப்போ அதெல்லாம் மறந்து புது மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்குது, வீடோ பழைய வீடு. மூச்சு முட்டாம என்ன செய்யும்?”

அந்தத் தகட்டின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை நான் பரீட்சையில் வரைந்து பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறேன். நேரில் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. டாக்டர் குழாயைக் கழற்றி, மருந்தடித்து, துணியால் துடைத்தார். துணி கறுப்பாக வந்தது. துடைத்துக்கொண்டே, அக்காவுக்குக் கேட்காத குரலில் என்னிடம் சொன்னார்: “இருபது வருஷத்துல அந்தப் புஸ்தகத்தைப் பிரிச்ச டிரைவரை நான் பாத்ததில்ல தம்பி. நானும் பிரிச்சதில்ல.”

இன்ஜின் சூடானபோது மணி பதினொன்றே முக்கால். அக்கா செருப்பைக் கழற்றிக் கீழே போட்டாள். பிறகு இரண்டு கால்களையும் தூக்கி, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“என்னடி இது, வண்டியில?” என்றாள் வாசலில் நின்ற அம்மா.

“கால் கீழ இருந்தா பழக்கத்துல அமுக்கிடும்மா. அதுக்குத் தனிப் புத்தி.”

காலை எடுத்ததும் இன்ஜின் தடுமாறியது, ஆனால் அணையவில்லை. நான் செல்போனில் நேரம் பார்த்தேன். மூன்று நிமிடம். ஐந்து. வண்டி முனகியபடி ஓடியது. வெயில் கண்ணாடி வழியாக அக்காவின் முகத்தில் அடித்தது, வேர்வை கழுத்தில் இறங்கியது. ஏழாவது நிமிடம் மாமாவால் தாங்க முடியவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அக்காவுக்குக் காற்று வரட்டும் என்று உள்ளேயிருந்த மின்விசிறியைப் போட்டுவிட்டார்.

இன்ஜின் ஒருமுறை விக்கி, அணைந்தது.

மாமா தன் கையைப் பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

அக்கா கத்தவில்லை. நான் கத்தியிருப்பேன், டாக்டர் கெட்ட வார்த்தையே சொல்லியிருப்பார். அவள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்ல மனசு” என்றாள். “இந்த நல்ல மனசைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய் வைங்க. உள்ள நாளைக்கு அனுப்ப வேண்டிய தலையணை உறை கிடக்கு. எத்தனைன்னு எண்ணிட்டு வாங்க.”

“நாளைக்கா? இன்னைக்கே போவோமான்னு தெரியல.”

“நாளைக்குத்தான். எண்ணுங்க.”

மாமா போனார். இன்ஜினை மறுபடி சூடாக்கி முதலிலிருந்து தொடங்கினோம். மணி பன்னிரண்டேகால்.

இரண்டாவது முறை, நான்காம் நிமிடத்தில் சத்தம் தாழ்ந்துகொண்டே போனது. டாஷ்போர்டில் இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள் நடுங்கியபடி கீழே இறங்கியது. டாக்டரின் வலது கால் தானாகத் தரையை அமுக்கியது. பார்த்தால் என் காலும் அமுக்கிக்கொண்டிருந்தது. வாசலில் அம்மா, வாழ்க்கையில் ஒருநாளும் வண்டி ஓட்டாதவள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு படியை அமுக்கினாள். ஓர் அமுக்கு போதும், இன்ஜின் பிழைத்துவிடும். அந்த அமுக்கைக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் சம்மணத்தில் அசையாமல் இருந்தாள். கால் விரல்கள் மட்டும் இறுகி வெளுத்திருந்தன. புது மெஷின், ஆறு நாள் உழைப்பு, ஒரு வருட வேலை எல்லாம் அந்த முள்ளின் நுனியில் ஆடிக்கொண்டிருக்க, அவள் அதைத் தாங்கிப் பிடிக்கப் போகவில்லை. அதுவாக நிற்கட்டும் என்று விட்டாள். அவ்வளவு தைரியத்தை நான் எந்தக் காரியத்திலும் பார்த்ததில்லை. காரியம் என்னவோ சும்மா உட்கார்ந்திருப்பதுதான்.

முள் இறங்குவதை நிறுத்தியது. யோசித்தது. மெதுவாக மேலே வந்தது.

ஒன்பதாவது நிமிடத்தில் சத்தம் ஒரே சீராகிவிட்டது. டாக்டர் ஸ்குரூடிரைவரைக் காதில் வைக்கவே இல்லை.

“பத்து” என்றேன். அக்கா அப்போதும் காலை இறக்கவில்லை. தன் கையாலேயே மின்விசிறியைப் போட்டாள். இன்ஜின் லேசாகக் குனிந்து நிமிர்ந்தது. விளக்கைப் போட்டாள். அதற்கும் நிமிர்ந்தது. அதன்பிறகுதான் செருப்பைத் தேடினாள்.

மாமா உள்ளேயிருந்து ஓடிவந்தார். “மூணு தடவ எண்ணினேன். மூணு கணக்கு வருது.”

“ஏறுங்க. வழியில ஒண்ணை முடிவு பண்ணிச் சொல்லுங்க.”

பதினோரு சிக்னல்களில் எங்களுக்குச் சிவப்பு விழுந்தது ஒன்பது. ஒன்பதிலும் அக்கா காலை எடுத்தாள், ஒன்பதிலும் இன்ஜின் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாவது சிக்னலுக்குப் பிறகுதான் நான் மூச்சு விட ஆரம்பித்தேன்.

சரிவின் தலைப்பில் அக்கா வண்டியை நிறுத்தினாள். கீழே ஒரு முதியவரைத் தள்ளுவண்டியில் குறுக்கே தள்ளிப்போனார்கள். அவர்கள் கடந்து போகும்வரை பிரேக்கில் மட்டும் காலை வைத்துக் காத்திருந்தாள். பிறகு இறங்கினோம். பிரேக் மெத்தென்று பிடித்தது, ஸ்டீயரிங் சொன்ன பக்கம் திரும்பியது.

கிடங்குக்காரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று ஐம்பத்திரண்டு. விரிப்புகளை எண்ணி எங்கள் ரசீதில் கையெழுத்துப் போட்டவர் அதைத் திருப்பித் தராமல் அதன் பின்பக்கத்தில் ஏதோ எழுதினார்.

“நாளையிலேர்ந்து முந்நூறு. முடியுமா?”

“முடியும்” என்றாள் அக்கா.

“வண்டியை ஆஃப் பண்ணிட்டீங்களா? சத்தமே இல்லையே.”

“ஓடிட்டுத்தான் இருக்கு.”

திரும்பிப் பார்த்தேன். இன்ஜின் தானாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மாமா, எதையும் தொட்டுவிடக்கூடாது என்று, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்.