தனியா நின்ன நேரம்

பக்கவாதம் வந்து என் புருசன் அமிர்தராஜுக்கு இடது கையும் காலும் விழுந்துபோச்சு. துடியலூர்ல எங்க ஊட்டுக்கே வந்து நடை பழக்குற பிசியோ புள்ள மிஸ்பா, "இடுப்புல பெல்ட்டக் கட்டி, பின்னால நின்னு புடிச்சுக்கங்க அக்கா. ஊட்டுல இருக்கற பெல்ட்டே போதுங்க"ன்னு சொன்னா.

ஊட்டுல இருந்தது ஒரே ஒரு பெல்ட்டுதான். இருபத்தாறு வருசமா அவன் என்னை அடிச்ச பெல்ட்டு. அதோட பக்கிள் பட்ட தழும்பு என் முதுகுல இன்னும் இருக்குது. அதையே எடுத்துக் கட்டுனேன். மூணு மாசமா அதைப் புடிச்சுத்தான் எம்பது கிலோ ஆள நிக்க வெச்சேன்.

இன்னைக்குக் காலைல டீ ஆறிப்போயிருந்துச்சாம். ஜன்னலோரம் நின்னவன் திரும்பி, நல்லா இருக்கற வலது கையால என் மூஞ்சியில ஓங்கி ஒண்ணு உட்டான். உதடு கிழிஞ்சு வாயெல்லாம் ரத்தம். அடிச்ச வேகத்துக்கு அவன் விழுந்திருக்கோணும். விழல. பெல்ட்டு என் கையில இருந்துச்சே!

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. இந்த நாய் விழாம என்னை அடிக்கறதுக்கு நானே முட்டுக்குடுத்துட்டு நிக்கறேன்.

அவன் மறுபடியும் கைய ஓங்குனான். நான் பெல்ட்ட உட்டுப்போட்டேன்.

சாயங்காலம் வழக்கம்போல மிஸ்பா போன் பண்ணுனா. "இன்னைக்குப் புடிக்காம எத்தனை செகண்டு நின்னாருங்க அக்கா?"

"மூணு செகண்டு, கண்ணு"ன்னேன். "எண்ணிட்டேதான் இருந்தேன்."